கோலாலம்பூர்ல அம்மாவோட ஒரு சனிக்கிழமை, எங்கேர்ந்து நடக்க ஆரம்பிக்கலாம்?

கோவைக்குசும்பு:
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் பாலி போற வழியில கோலாலம்பூர்ல ஒரு சனிக்கிழமை முழுசா கிடைக்குது, விடியக்காலைல இறங்குறோம், மறுநாள் காலைல அடுத்த ஃப்ளைட். நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு 64 வயசு, தினமும் ரேஸ்கோர்ஸ்ல வாக்கிங் போற ஆளு, அதனால நடக்கறதுக்குப் பயமில்லைங்க, ஆனா படி ஏறுனா முட்டி புடிச்சுக்கும். சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க. யூட்யூப்ல பாத்தா எல்லாரும் ட்வின் டவர், பத்துமலை, கெந்திங்னு மூணையும் ஒரே நாள்ல அடைச்சுக் காட்டுறாங்க, பாக்கறப்பவே நமக்கு மூச்சு வாங்குது. மால் எல்லாம் எங்களுக்கு வேண்டாம், அது கோயமுத்தூர்லயே இருக்கு. பழைய ஊருக்குள்ள காலாற நடக்கோணும், சீனக்காரங்க தெரு, மலாய்க்காரங்க இடம், நம்மாளுங்க இடம் எல்லாம் கண்ணுல பாக்கோணும், நடுநடுவுல உக்காந்து ஒரு டீ குடிக்கோணும், அவ்வளவுதான். பத்துமலை முருகனப் பாக்காம வந்தா அம்மா என்னைய சும்மா விட மாட்டாங்க, அது வேற. போனவங்க, அங்கயே இருக்கறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

செந்தூல்_பையன்:
வாங்க வாங்க. நான் இங்கயே பொறந்து வளந்தவன், சொல்றேன் கேளுங்க. பழைய கேஎல் ரொம்ப சின்னது லா. கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேர்ற முக்குல ஈயம் தோண்ட வந்தவங்க இறங்குன இடம்தான் இந்த ஊரு, அங்கேர்ந்து சுத்துவட்டாரம் ஒரு கிலோமீட்டருக்குள்ள நீங்க கேட்டதுல முக்காவாசி இருக்கு. டவர் பக்கம் பகல்ல போகாதீங்க, அது லைட் போட்டப்புறம்தான் அழகு.

காலைல 8 மணிக்கெல்லாம் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி (மெட்ரோ மாதிரி ரயில்) ஸ்டேஷன்ல இறங்கிடுங்க. ரெண்டு ஆறும் கூடுற இடத்துலயே செங்கல்லும் வெள்ளைப் பட்டையுமா நிக்குதே, அந்தப் பள்ளிவாசல் 1909ல கட்டுனது. ஹப்பக்னு ஒரு வெள்ளைக்காரர் வரைஞ்சது, அவரேதான் பழைய ரயில்வே ஸ்டேஷனையும் வரைஞ்சார். தொழுகை நேரம் இல்லாதப்ப உள்ள விடுவாங்க, மேல போட்டுக்க அங்கி அங்கயே குடுப்பாங்க. ஆத்தத் தாண்டுனா டத்தாரான் மெர்டேக்கா. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி நடுராத்திரி பிரிட்டிஷ் கொடிய இறக்குனது அந்தத் திடல்லதான். எதுத்தாப்ல சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1897ல முடிச்சது, மெட்ராஸ் ஹைகோர்ட்டப் பாத்திருந்தீங்கன்னா இது அதோட தூரத்துச் சொந்தம்னு தோணும். வெயில் ஏறுறதுக்குள்ள அங்கேர்ந்து கிளம்பிடணும், நிழலே கிடையாது.

திரும்பி ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்து மெடான் பாசார் மணிக்கூண்டு வழியா லெபோ அம்பாங் போங்க. இத டூர் பஸ்காரன் எவனும் காட்ட மாட்டான். ஒரு காலத்துல நகரத்தார் (செட்டியாருங்க) வட்டிக்கடையும் கிட்டங்கியும் வச்சிருந்த தெரு இது. ரப்பர் தோட்டம், ஈயச் சுரங்கம் எல்லாத்துக்கும் கடன் குடுத்த காசு இந்தத் தெருவுலேர்ந்து நெறைய போயிருக்கு. இப்பக் கீழ பாத்தா சாதாரணக் கடைத்தெரு மாதிரிதான் இருக்கும், நீங்க நடைபாதைய விட்டு எதிர்ப்பக்கம் போய் நின்னு தலையத் தூக்கி மாடியப் பாக்கணும், பழைய கட்டடம் ஒண்ணு ரெண்டுல மயில் சிற்பமும் பூப்போட்ட டைல்ஸும் இன்னும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு.

அப்படியே கோர்ட்டுமலைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு (முன்னாடி அந்த மேட்டுல கோர்ட் இருந்துச்சு, கேஸ் ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டவங்க எத்தன பேரோ) ஜாலான் துன் எச்எஸ் லீக்குள்ள இறங்குங்க. அங்கதான் மகா மாரியம்மன் கோயில். 1873ல தம்புசாமி பிள்ளை ஆரம்பிச்சது, இப்ப இருக்குற இடத்துக்கு 1885ல வந்துச்சு. பத்துமலையில முருகனுக்கு கோயில் எழுப்புனதும் இவருதான், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இந்த வாசல்லேர்ந்துதான் ராத்திரியில பத்துமலைக்குக் கிளம்பும். ரதம் போறப்ப ரோட்டுல தேங்காய் உடைக்க வர்றவங்கள்ல சீனக்காரங்களும் நெறைய பேரு. கோயிலுக்கு எதிர்ச்சாரியில கொஞ்சம் தள்ளி சிவப்புக் கலர்ல சீனர்களோட குவான் டி கோயில், அங்க பெரிய சுருள் ஊதுவத்தி தலைக்கு மேல தொங்கி எரிஞ்சிக்கிட்டே இருக்கும், சாம்பல் சட்டையில விழும் பாத்துக்குங்க. அம்மாவ ரெண்டுக்கும் கூட்டிட்டுப் போங்க, அங்கயும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அடுத்த தெருதான் பெட்டாலிங் ஸ்ட்ரீட். ஹேண்ட்பேக், வாட்ச்சப் பாத்து ஏமாந்துடாதீங்க, அதெல்லாம் டூப்ளிகேட். ஆயர் மாத்தா குச்சிங்னு ஒரு குளிர்பானம் விப்பாங்க, லாங்கான் பழம் போட்டு காச்சுனது, அது மட்டும் குடிச்சே ஆகணும். பக்கத்துல குவாய் சாய் ஹோங்னு ஒரு சந்து, பழைய வீடுகள சரி பண்ணி 2019ல தொறந்தாங்க, சுவரெல்லாம் அந்தக்கால சீனத் தெரு வாழ்க்கைய வரைஞ்சிருக்காங்க. மெர்டேக்கா 118 டவர் இங்க எங்க நின்னாலும் மண்டைக்கு மேல தெரியும், 678.9 மீட்டர். மத்தியானம் ஆனதும் பாசார் சேனிக்குள்ள போய் ஏசில உக்காந்துடுங்க. 1888லேர்ந்து மீனும் காய்கறியும் வித்த சந்தை அது, இப்ப கைவினைப் பொருள் கடைங்க. பாசார் சேனி ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:
நண்பர் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் ஆபீஸ் வேலையா அங்க தங்கியிருந்தவன், எனக்குத் தெரிஞ்சு கேஎல் நடக்கறதுக்குன்னு கட்டுன ஊரே இல்ல பாஸ். மேப்ல 600 மீட்டர்னு காட்டும், நடுவுல ஆறு லேன் ரோடு, ஃப்ளைஓவர், கிராஸ் பண்ண வழியே இருக்காது, நடைபாதை திடீர்னு ஒரு கார் பார்க்கிங்ல போய் முடிஞ்சிடும். வயசானவங்கள வச்சிக்கிட்டு 33 டிகிரி புழுக்கத்துல எதுக்கு ரிஸ்க்? பேசாம கிராப் (ஆப்ல கூப்புடுற டாக்ஸி) போட்டு ஒவ்வொரு இடமா இறங்கி ஏறுங்க, நம்மூர் ஆட்டோவ விட பெருசா செலவு ஆகாது. நடக்கணும்னே ஆசைப்பட்டா ட்வின் டவர் இருக்குற கேஎல்சிசி கன்வென்ஷன் சென்டர்லேர்ந்து புக்கிட் பிந்தாங் பெவிலியன் வரைக்கும் மேலயே ஏசி போட்ட நடைபாலம் இருக்கு, அதுல நடங்க.

செந்தூல்_பையன்:
அண்ணே நீங்க சொல்றது புது ஊரு. கேஎல்சிசி, ஜாலான் சுல்தான் இஸ்மாயில் பக்கமெல்லாம் காருக்குன்னு போட்ட ரோடு, ஒத்துக்கிறேன். நான் சொன்ன ஏரியாவுல ரோடெல்லாம் குறுகல், கடைக்கு முன்னாடியே கூரை போட்ட நடைபாதை இருக்கு, வெயிலும் மழையும் பாதி படாது. ஒரே தொல்லை, கடைக்குக் கடை தரை ஒரு படி ஏறும் ஒரு படி இறங்கும், அம்மாவுக்கு நல்ல செருப்பு வேணும். அந்த ஏசி பாலத்துல நடந்தா கேஎல் பாத்த மாதிரியா, ஏர்போர்ட்லயே இருந்துடலாம்.

யாழ்_டு_பிரிக்பீல்ட்ஸ்:
ரெண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸை விட்டிட்டீங்கள்! பின்னேரம் வெயில் தணிஞ்ச பிறகு அங்க போங்கோ, பாசார் சேனியில இருந்து கேஎல் சென்ட்ரல் ஒரே ஒரு ஸ்டேஷன்தான். இந்த ஊருக்கு வேண்டின செங்கல் எல்லாம் சூளை போட்ட இடம், அதுக்குப் பிறகு ரயில்வே குவார்ட்டர்ஸ் வந்தது. வெள்ளைக்காரன் யாழ்ப்பாணத்தில இருந்து இங்கிலிஸ் படிச்ச ஆக்களைக் கிளாக், ஸ்டேஷன் மாஸ்டர் எண்டு கூட்டிக்கொண்டு வந்தவன், என்ர அப்பப்பாவும் அப்பிடி வந்த ஆள்தான். ஸ்கொட் ரோட்டில இருக்கிற கந்தசுவாமி கோயில் அந்தச் சனம் கட்டினது, நல்லூரை நினைச்சுக் கட்டினது எண்டு உள்ள போனவுடன விளங்கும், அம்மாவுக்கு அந்த அமைதி பிடிக்கும். பூசை நேரத்தில நடை சாத்தாமல் இருக்கோ எண்டு பார்த்துப் போங்கோ.

பக்கத்திலயே சிங்களச் சனத்தின்ர மகா விகாரை, அது 1894ல தொடங்கினது. கொஞ்சம் நடந்தால் விவேகானந்தா ஆசிரமம், 1904ல வந்தது. அந்த வளாகத்தில அடுக்குமாடி கட்டுற கதை 2014ல வந்து சனம் பெரிசா எதிர்த்தது, கட்டடம் இன்னும் நிக்குது. பார்வையற்றோர் சங்கமும் இந்த இடத்திலதான் இருக்கு, அதால நடைபாதையில மஞ்சள் புடைப்புக் கல்லுப் பதிச்சிருக்கு, வெள்ளைப் பிரம்போட ஆக்கள் வந்தால் அந்த மஞ்சள் கல்லு வரிசையை மறிச்சுக்கொண்டு நிண்டு போட்டோ எடுக்காதேங்கோ. துன் சம்பந்தன் ரோட்டில வளைவு, பூக்கடை, பாட்டுக்கடை எல்லாம் இருக்கு. 2010ல லிட்டில் இந்தியா எண்டு சொல்லி அலங்காரம் செய்தவை, எனக்கு அந்தக் கலரும் வளைவும் அவ்வளவு பிடிக்கேல்ல, உள்ரோட்டில நடக்கிறதுதான் வடிவு.

கோவைக்குசும்பு:
அய்யோ எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும்னு நினைக்கல. சண்டை போட்டுக்காதீங்க, காலைல நடை, சாயங்காலம் கிராப்னு பிரிச்சுக்கிறோம். மூணு சந்தேகம். ஒண்ணு, மழை. ரெண்டு, அம்மா சாப்பாடு, சைவம்னு சொன்னாலே போதுமா. மூணு, இதுல பத்துமலை எங்க நுழையும்?

சம்பல்_இல்லாம:
சாப்பாட்டுக்கு நான் சொல்றேன், நானும் சைவம், பினாங்குலேர்ந்து கல்யாணம் ஆகி கேஎல் வந்தவ. சைவம்னு சொன்னா மட்டும் போதாதுங்க. மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய், அதாவது நம்ம பரோட்டா மாதிரி, கேட்டீங்கன்னா பருப்புக் குழம்பு மேல பழக்க தோஷத்துல மீன் குழம்பு ஒரு கரண்டி ஊத்திடுவாங்க, தட்டு வர்றதுக்கு முன்னாடியே "டால் மட்டும், வேற எதுவும் கலக்காதீங்க"னு தமிழ்லயே சொல்லிடுங்க, முக்காவாசி கடைல புரியும். நாசி லெமாக்ல சோறு தேங்காய்ப்பால்ல வேகுறது தான், ஆனா கூட வர்ற சம்பல்ல (மிளகாய்ச் சட்னி) நெத்திலியோ பெலாச்சானோ இருக்கும், பெலாச்சான்னா இறால் அரைச்சுக் காய வச்சது, கண்ணுக்குத் தெரியாது மணம்தான் காட்டிக்குடுக்கும். சீனச் சாப்பாட்டுலயும் இதே கதை. பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் மெட்ராஸ் லேன்னு ஒரு சந்து இருக்கு, பேரப் பாத்து இட்லி கிடைக்கும்னு நம்பிப் போயிடாதீங்க, அங்க இருந்த மெட்ராஸ் தியேட்டரால வந்த பேரு, விக்கிறது முழுக்க சீனக் கறி லக்சா (குழம்பு நூடுல்ஸ்), நீங்க சாப்புடலாம், அம்மா வேணாம். அவங்களுக்கு பிரிக்பீல்ட்ஸ்ல வாழையிலைச் சாப்பாடு போட்டுடுங்க, பொரிச்ச பாகற்காய் கேட்டு வாங்கிக்கோங்க, அது இங்க ஸ்பெஷல். தே தாரிக் (இங்க ஆத்திக் குடுக்குற டீ) எப்பவும் இனிப்பு தூக்கலா இருக்கும், கண்டென்ஸ்டு மில்க்குல போடுறது, குறைக்கணும்னா "கூராங் மானிஸ்"னு சொல்லுங்க.

செந்தூல்_பையன்:
மழை சாயங்காலம் மூணு நாலு மணிக்குப் பிச்சிக்கிட்டு ஊத்தும், ஒரு மணி நேரத்துல நின்னுடும், அந்த நேரம் பாசார் சேனிக்குள்ளயோ மாமாக்லயோ இருங்க.

பத்துமலைய நீங்க மறுபடி ஒரு நடையா நினைக்காதீங்க. கேஎல் சென்ட்ரல்லேர்ந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் கோயில் வாசல்லயே விடும், ஆனா வண்டி அடிக்கடி வராது, நேரத்தப் பாத்து ஏறணும். அம்மாவுக்கு முட்டி வலின்னா 272 படி வேணாம். கீழயே நின்னு 42.7 மீட்டர் முருகன கண் நிறையப் பாக்கலாம், கீழயும் சன்னதிங்க இருக்கு. நீங்க மட்டும் ஏறுங்க, கையில வாழப்பழம், பிளாஸ்டிக் பை எதுவும் வச்சிக்காதீங்க, குரங்கு விடாது. என்னக் கேட்டா சனிக்கிழமை இறங்குன உடனே மொத வேலையா அத முடிச்சிட்டு பத்து மணிக்கு மஸ்ஜித் ஜாமெக் வாங்க, டத்தாரான் நடைய சுருக்கிக்கலாம், லெபோ அம்பாங்க மட்டும் விட்டுடாதீங்க.

சனிக்கிழமைங்கறதால ஒண்ணு கூட. லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான்ல சாயங்காலம் பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) போடுவாங்க, மஸ்ஜித் இந்தியா பக்கத்துலயே. மலாய்க்காரங்க குடும்பம் குடும்பமா வருவாங்க, துணி, பலகாரம், பழம்னு நடக்கவே இடம் இருக்காது. பிரிக்பீல்ட்ஸ் இல்லன்னா இது, ரெண்டையும் இழுத்துப் போட்டுக்காதீங்க. அங்கேர்ந்து மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷன் நடந்து வந்து எல்ஆர்டி ஏறுனா மூணாவது ஸ்டேஷன் கேஎல்சிசி, டவர லைட்டோட பாத்துட்டு ரூமுக்குப் போயிடுங்க. டிக்கெட் எடுத்தா நீலக் கலர் பிளாஸ்டிக் டோக்கன் வரும், உள்ள போறப்ப தட்டணும், வெளிய வர்றப்ப கேட்டுல இருக்குற ஓட்டைல போடணும், அம்மா அத ஞாபகார்த்தமா பர்ஸ்ல வச்சிடாமப் பாத்துக்குங்க.

அப்புறம் இங்க வந்து இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டு ஆன்லைன்ல நெரப்பிடுங்க, ரெண்டு பேருக்கும் தனித்தனியா. அரசாங்க சைட்ல அது ஃப்ரீ, காசு கேட்டா அது வேற எவனோ.