கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றி முடிந்த 9-ஆம் நாள் உடம்பு சுடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு 99.8 டிகிரி. பாராசிட்டமால் கொடுக்கலாமா? எதிர்ப்பு சக்திக்கு நிலவேம்புக் கஷாயம்?

பதில் 1: மாத்திரை கொடுக்காதீங்க தம்பி, காய்ச்சலை மறைச்சிடும். கீமோ ஏத்தின 7 முதல் 14 நாளுக்குள்தான் கிருமியோட போராடுற வெள்ளணுக்கள் ரொம்பக் குறையும். இப்பவே டாக்டருக்கு போன் பண்ணுங்க. மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க. காபி குடிச்சிருந்தா 15 நிமிஷம் கழிச்சு வாயில வைங்க. 100.4 தொட்டா நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிதான். கீமோ நடக்குதுன்னு நுழையும்போதே சொல்லுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏறணும்.

பதில் 2: வெள்ளணு குறைஞ்சா புண்ணில் சீழ்கூடக் கட்டாது. அதனால் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு கருவி) வைத்த இடத்தில் லேசான சிவப்பு, வலி இருந்தாலே சொல்லுங்கள். நடுக்கம், மூச்சிரைப்பு, தடுமாற்றமான பேச்சு வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிளம்புங்கள்.

பதில் 3: டாக்டரைக் கேட்காமல் கஷாயம் வேண்டாம். சூடான இட்லி, முழுதாக வெந்த முட்டை, பருப்பு கொடுங்க. கடைச் சட்னி, வெட்டி வைத்த பழம் கூடாது. தொடுகிறவர்கள் எல்லாரும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவணும்.