ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ வுமன் – கடைசி அத்தியாயம் உங்களுக்கு ஓகேவா? (ஸ்பாய்லர் உண்டு)

அரைத்தூக்கம்:
பி.டி.ஜேம்ஸ் எழுதின இந்த நாவல நேத்து ராத்திரிதான் முடிச்சேன், முடிச்சதுல இருந்து மண்டை குடையுது, அதான் இங்க கொட்டுறேன். படிக்காதவங்க இப்பவே ஓடிருங்க, கொலைகாரன் யாருன்னு வரைக்கும் சொல்லப்போறேன்.

படிச்சு நாளானவங்களுக்கு ஒரு ஞாபகப்படுத்தல். கார்டிலியா கிரே, 22 வயசு, லண்டன்ல ஈ ஓட்டுற ஒரு டிடெக்டிவ் ஏஜென்சி. பார்ட்னர் பெர்னி தற்கொலை பண்ணிக்கிறார், இவளுக்கு மிஞ்சுறது அந்த ஏஜென்சியும் லைசென்ஸ் இல்லாத ஒரு துப்பாக்கியும். அப்புறம் சர் ரொனால்டுன்னு ஒரு பெரிய விஞ்ஞானி கூப்பிட்டு, என் பையன் மார்க் கேம்பிரிட்ஜ் படிப்ப பாதில விட்டுட்டு தோட்ட வேலைக்குப் போயி தூக்குல தொங்கிட்டான், ஏன்னு கண்டுபிடின்னு அனுப்புறார்.

என் பிரச்சனை ரெண்டு. ஒண்ணு, முதல் பாதி நகரவே மாட்டேங்குது, அந்தப் பையன் இருந்த குடிசைலயே போய் தங்கி கூட்டிப் பெருக்கிட்டு இருக்கா. ரெண்டாவதுதான் பெரிசு. கிணத்துல தள்ளி மூடியும் தானே ஏறி வந்த பொண்ணு, கடைசி அத்தியாயத்துல டால்கிளிஷ்னு ஒரு பெரிய போலீஸ் ஆபீசர் முன்னாடி உக்காந்து தேம்பித் தேம்பி அழுறா. அந்த ஆளு கதைக்குள்ள நேர்ல வர்றதே அப்பதான். இவ்ளோ தூரம் தனியா வந்தவளுக்கு முடிவுல ஒரு ஆம்பள வந்து மார்க் போடணுமா? எழுதினதும் ஒரு பொம்பளதானேன்னு கடுப்பாயிருச்சு.

துப்புகெட்டவன்:
முதல் பாதி ஸ்லோன்னு சொல்றவங்க எல்லாரையும் அந்தத் தோட்டத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும் 😀 அந்த எடத்த மறுபடி படிங்க. மார்க் மண்ண கொத்திக்கிட்டு இருந்திருக்கான், ஒரு வரிசை முடிய கொஞ்சூண்டுதான் பாக்கி, அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான். மண்வெட்டி மாதிரி அந்த முள்ளுக்கருவிய கழுவாம மண்ணுலயே குத்தி வெச்சிருக்கு. உள்ள சாப்பாடு தொடாம கெடக்கு. மத்த எல்லாத்தையும் துடைச்சு அடுக்கி வெக்கிற பையன் அவன். சாகணும்னு முடிவு பண்ணவனா இருந்தாலும் அந்தக் கடைசி ரெண்டடிய முடிச்சுட்டுத்தான் செத்திருப்பான்னு இவ நெனைக்கிறா பாருங்க, யாரோ வந்து கூப்பிட்டிருக்காங்கன்னு. இந்த யோசனை அந்த வீட்டுல தங்கி, அவன் விட்ட வேலைய எடுத்து செஞ்சு பாத்தவளுக்குத்தான் வரும். போலீஸும் அதே எடத்தப் பாத்தாங்க, அந்த சார்ஜென்ட்டுக்கும் சந்தேகம் இருந்துச்சு ஆனா கேஸ நகர்த்த முடியல. நீங்க கூட்டிப் பெருக்கிட்டு இருக்கான்னு சொன்னதுதாங்க அவளோட விசாரணையே.

அழுத விஷயத்துக்கு எனக்கும் பதில் இல்ல, வேற யாராச்சும் சொல்லுங்க.

வரிக்குதிரை:
தலைப்புல ஸ்பாய்லர்னு போட்டிருந்தும் உள்ள வந்து படிச்சது என் தப்புதான். இப்ப வாங்கலாமா வேணாமா?

துப்புகெட்டவன்:
வாங்குங்க, இதுல கொலைகாரன் யாருங்கிறது பாதி விஷயம்கூட இல்ல. அத இன்னும் யாரும் சொல்லவும் இல்ல, ஓடிருங்க.

நூலகப்பூனை:
அழுகைக்கு நான் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

அவ எதுக்கு அழுறான்னு பாருங்க. பயந்து அழல, மாட்டிக்கிட்டோம்னு அழல. பெர்னிக்காக அழுறா. பெர்னி ஒரு காலத்துல டால்கிளிஷ் கீழ வேல பாத்தவர், வேலைக்கு லாயக்கில்லன்னு அவர்தான் வெளிய அனுப்பினாரு. அப்புறமும் பெர்னிக்கு அவர்தான் சாமி. சூப்பர் (சூப்பரின்டென்டென்ட்ங்கிறதோட சுருக்கம், டால்கிளிஷத்தான் அப்படிச் சொல்லுவாரு) இப்படிச் சொல்லுவாரு, சூப்பர் அப்படித்தான் பண்ணுவாருன்னு சம்பவ இடத்த எப்படிப் பாக்கணும் ஆளுங்கள எப்படி எடை போடணும்னு எல்லாத்தையும் கார்டிலியாவுக்குப் பாடமா ஓதினாரு. அவளும் அலுத்துக்கிட்டே கத்துக்கிட்டா. அதுல ஒரு பாடம், போலீஸ்ல மாட்டினா ஒரே கதைய சொல்லு, அதுலயே நில்லு, அலங்காரம் பண்ணாதங்கிறது. கடைசி அத்தியாயத்துல ரொனால்டு செத்ததப் பத்தி டால்கிளிஷ் கேக்க கேக்க அவ அதத்தான் செய்றா! அவர் பாடத்தாலயே அவர மடக்குறா, அதுவும் அவர் துரத்திவிட்ட ஒரு ஆள் வழியா வந்த பாடம். அந்த ரூம்ல ஜெயிச்சது பெர்னி. டால்கிளிஷுக்கே அது புரியுது, உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ரசிக்கவும் செய்றாரு. அவள உடைக்கிறதுக்கு அவர்கிட்ட இருந்த ஒரே வழி ரொனால்டோட செக்ரட்டரி மிஸ் லீமிங், அந்த அம்மா செத்துட்டாங்கன்னு போன் வர்றதும் அந்த நேரத்துலதான்.

அப்புறம் அவ வெடிக்கிறது, வேலைய விட்டு அனுப்பினீங்களே, அந்தாளு என்ன ஆனாருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா, சாவுக்குக் கூட வரலையேன்னு. அத நான் படிக்கும்போது அவ அழுறது தெரியல, அந்தாள நிக்க வெச்சு கேக்குறதுதான் தெரிஞ்சுது. மார்க் போட்டது அவ.

இன்னொண்ணு, அவளுக்கு கேம்பிரிட்ஜ் போகணும்னு ஆச இருந்துச்சு, கான்வென்ட்ல நல்லா படிச்சிட்டு இருந்தவள 16 வயசுல அப்பா இழுத்துட்டுப் போயி தன்னோட தோழர்களுக்கு சமைக்கவும் செய்தி கொண்டுபோகவும் வெச்சிக்கிட்டாரு. நாவல் வந்தது 1972ல. கேம்பிரிட்ஜ்ல கிங்ஸ், கிளேர், சர்ச்சில்னு மூணு ஆம்பளக் காலேஜ் முதல் தடவையா பொண்ணுங்கள சேத்ததும் அதே வருஷம். அந்த ஊர்ல அவ வெயில்ல நடந்து போற பக்கங்கள இத மனசுல வெச்சிக்கிட்டு படிச்சா வேற மாதிரி இருக்கும்.

கடைசிப்பக்கம்:
நூலகப்பூனை சொன்னது எல்லாம் சரி, ஆனா எல்லாரும் ஒண்ண நைசா தாண்டிப் போறீங்க. அவ ஒரு கொலைய மறைச்சிருக்கா. ரொனால்டு சொந்தப் பையனக் கொன்னான், பையனோட பெத்த அம்மா தன்னோட செக்ரட்டரி லீமிங்னு வெளிய வந்தா பரம்பரை சொத்து போயிரும், லேபுக்குப் பணம் நின்னுரும்னு. சரி. லீமிங் அவன சுட்டுட்டாங்க, அதுவும் புரியுது. அதத் தற்கொலையா ஜோடிச்சுக் கொடுத்தது கார்டிலியா. பிரிட்டன்ல 1965லயே கொலைக்குத் தூக்கு நிறுத்தியாச்சு, 69ல நிரந்தரமாவே எடுத்தாச்சு, அதனால ஒரு உயிரக் காப்பாத்துனேன்னும் சொல்ல முடியாது. ஜெயிலுக்குப் போகாம காப்பாத்துனா, அவ்ளோதான். யாரு கேட்டா இவள? மார்க் கொலை செய்யப்பட்டான்ங்கிற உண்மைக்காகத்தானே உயிரக் கொடுத்து அலைஞ்சா, கடைசில அதுவும் ஊருக்குத் தெரியாமலே போகுது. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு. மோசமான நாவல்னு சொல்லல, உறுத்துதுன்னு சொல்றேன்.

நூலகப்பூனை:
உறுத்தட்டும்னுதான் எழுதியிருக்காங்கன்னு நெனைக்கிறேன். பி.டி.ஜேம்ஸ் அப்ப உள்துறை அமைச்சகத்துல, போலீஸ் சம்பந்தப்பட்ட பிரிவுல வேல பாத்தவங்க, சட்டம் தெரியாம எழுதல. ஆனா உங்க கேள்விக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. லீமிங் மேல அவளுக்குப் பெரிசா பாசம் கூட கிடையாதுங்கிறது இன்னும் விசித்திரம். மார்க்குக்காகத்தான் செஞ்சான்னு தோணுது, பாக்காத ஒருத்தனோட ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு அவன் படுக்கைல தூங்கி கிட்டத்தட்ட காதல் மாதிரி ஆயிருச்சு அவளுக்கு. அவன் தொங்கின அந்த பெல்ட்ட இடுப்புல கட்டிக்கிட்டுத்தானே சுத்துறா, கிணத்துல அவளக் காப்பாத்துறதும் அதே பெல்ட்டுதான்.

அரைத்தூக்கம்:
ஐயோ அந்த பெல்ட்ட நான் கவனிக்கவே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு வேகமா புரட்டினா இப்படித்தான் ஆகும்.

பெர்னி விஷயம் ஒத்துக்குறேன், கடைசி அத்தியாயத்த காலைல திரும்பப் படிச்சேன், வேற மாதிரி இருக்கு. ஆனா கடைசிப்பக்கம் கேட்டதுதான் இப்ப என் கேள்வியும், அதுக்கு முன்னாடி கேட்ட கேள்வி அவ்ளோ முக்கியமா தெரியல. சரி, இவள வெச்சு வேற எத்தன நாவல் இருக்கு?

துப்புகெட்டவன்:
இன்னும் ஒண்ணே ஒண்ணு, தி ஸ்கல் பினீத் தி ஸ்கின், பத்து வருஷம் கழிச்சு 1982ல. அதுல ஏஜென்சி பொழப்பே காணாமப்போன பூனை நாயத் தேடிக் கொடுக்குறதுதான் 😂 அப்புறம் ஒரு நடிகைக்குக் காவலா தீவுக்குப் போறா. பெரிய மாளிகை, கொஞ்ச பேரு, ஒரு கொலைன்னு பழைய பாணி. முதல் நாவல்ல இருந்த அந்த ஒல்லியான வேகம் அதுல இல்ல, என் கணக்குல சுமார். டிவி சீரியலும் 1997ல வந்துச்சு, அதுல நாயகிய கர்ப்பமாக்கிட்டாங்க, எழுதினவங்களுக்கு அது சுத்தமா பிடிக்கல, அதுக்கப்புறம் அவ பக்கம் திரும்பவே இல்ல.

வரிக்குதிரை:
ஓடிருங்கன்னு சொல்லியும் ஓடாம கீழ வரைக்கும் படிச்சுட்டேன், கொலைகாரன், கிணறு, பெல்ட் எல்லாம் தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் ஆர்டர் போட்டாச்சு. அந்தத் தோட்டத்து வரிசைய நானே போய்ப் பாக்கணும்.