பி.பி.சி. மைக்ரோவுக்கு 5.5 அங்குலக் கருப்பு வெள்ளை டிவி: எழுத்து மங்கல், ஓரம் நெளிகிறது, மேல் வரி தெரியவில்லை

காவேரிப்பட்டணம்_ராஸ்டர்:

வணக்கம். 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற அரசுக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்ததே, அந்த வகை பி.பி.சி. மைக்ரோ மாடல் பி என்ற பழைய பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. திரைக்கு 12 வோல்ட்டில் ஓடும் 5.5 அங்குலக் கருப்பு வெள்ளை டிவி. கம்ப்யூட்டரின் டிவி சாக்கெட்டிலிருந்து ஆன்டெனா பின்னுக்குக் கொடுத்து, யூ.எச்.எஃப். 36-வது சேனல் பக்கம் ட்யூன் செய்தால் படம் வருகிறது. ஆனால் எழுத்தெல்லாம் மணல் தூவின மாதிரி இருக்கிறது. இரண்டு ஓரமும் நெளிந்து, அந்த நெளிவு மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போகிறது. மேலே ஒரு வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது.

டிவியின் பக்கவாட்டில் வீடியோ இன் என்று ஒரு 3.5 மி.மீ. ஓட்டை உண்டு. கூடவே பழைய பி.சி.யோடு வந்த 12 அங்குலப் பச்சைத் திரை மானிட்டர் ஒன்றும் இருக்கிறது, 9 பின் கனெக்டர். எதைப் பிடித்துக்கொண்டு மேலே போவது?

ஓசூர்_சால்டர்:

டிவியையே வைத்துக்கொள்ளுங்க, ஆன்டெனா வழியை மட்டும் விட்டுவிடுங்க. கம்ப்யூட்டர் படத்தை யூ.எச்.எஃப். அலையில் ஏற்ற, டிவி அதைத் திரும்ப இறக்க, இந்த ஏற்றி இறக்குவதில்தான் எழுத்தின் கூர்மை போகிறது. பி.பி.சி.யின் பின்னால் வீடியோ அவுட் என்று ஒரு பி.என்.சி. சாக்கெட் இருக்கும். சிசிடிவி கேமராவில் வருகிற அதே பி.என்.சி.தான். அதனால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோடு வரை போகவேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலேயே சிசிடிவி மாட்டும் கடையில் பி.என்.சி. பின்னும் 3+1 கேபிளும் கிடைக்கும். கேபிளுக்குள் இருக்கும் கோஆக்ஸை (நடுக் கம்பியும் அதைச் சுற்றி வலையும் உள்ள வயர்) மட்டும் உபயோகியுங்க, ஒரு மீட்டர் போதும். நடுக் கம்பி 3.5 மி.மீ. பின்னின் நுனிக்கு, வலை அடிப்பகுதிக்கு.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை, இதைத் தவிர்க்கவே கூடாது. பி.பி.சி.யின் கிரவுண்ட் மூன்று பின் பிளக் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. டிவியின் சேஸிஸ் (உள்ளே இருக்கும் பொதுக் கிரவுண்ட்) நேரடியாக மெயின்ஸில் இருந்தால், கேபிளைச் செருகின நொடியே கம்ப்யூட்டர் போய்விடும், கை வைத்தவருக்கும் ஆபத்து. பெரிய 20 அங்குலக் கருப்பு வெள்ளை செட்கள் பல அப்படித்தான். 12 வோல்ட் செட்டில் டிரான்ஸ்பார்மர் பிரித்துவைக்கும், என்றாலும் அளந்துவிடுங்க. டிவியை ஆன் செய்து, ஜாக்கின் கிரவுண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏ.சி.யில் வையுங்க. பிளக்கை ஒருமுறை திருப்பிப்போட்டும் பாருங்க. 100 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இரண்டு புள்ளிக்கும் குறுக்கே ஒரு 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை வைத்துத் திரும்ப அளங்க. வெறும் கசிவு என்றால் வோல்ட் விழுந்துவிடும். அப்போதும் நின்றால் அது லைவ் சேஸிஸ், அந்த செட்டை ஒதுக்கிவிடுங்க.

அடுத்து, வீடியோ கேபிள் முடியும் இடத்தில் இருக்கவேண்டிய 75 ஓம் ரெசிஸ்டர். டிவியை அணைத்து, ஜாக்கின் நுனிக்கும் அடிக்கும் நடுவே ஓம் அளவு பாருங்க. 75 பக்கம் காட்டினால் சரி. ஆயிரக்கணக்கில் காட்டினால் ஒரு 75 ஓம் கால் வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்துச் சால்டர் பண்ணுங்க. இது இல்லையென்றால் சிக்னல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏறி, வெள்ளை எழுத்து கொழுத்துப்போகும். ‘அ’வின் சுழி மாதிரி ஆங்கில ‘ஏ’வின் நடு ஓட்டையும் அடைத்துக்கொள்ளும். படத்தின் மேல்பகுதி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். பலர் இதைப் பிக்சர் ட்யூப் வீக் என்று நினைத்து பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

தொப்பூர்_கணவாய்:

பச்சை மானிட்டர் பற்றி: அதை பி.பி.சி.யில் மாட்டாதீங்க. 9 பின் என்றால் அநேகமாக பழைய ஐ.பி.எம். வகை பி.சி.யின் ஒற்றை நிற டிஸ்ப்ளே கார்டுகளான எம்.டி.ஏ. அல்லது ஹெர்குலிஸுக்கானது. அதன் கிடை அலைவரிசை (நொடிக்கு எத்தனை கோடு வரைகிறது என்பது) 18.432 கிலோஹெர்ட்ஸ், பி.பி.சி. தருவது 15.625. அதோடு வீடியோவும், கோடும் படமும் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் இரண்டு சிங்க் சிக்னலும் தனித்தனிப் பின்னில் 5 வோல்ட் டிஜிட்டல் (டி.டி.எல்.) அளவில் வரவேண்டும். ஐ.பி.எம். 5151 போன்ற மானிட்டர்களில் கிடை ஓட்டத்தையே கார்டிலிருந்து வரும் சிங்க்தான் நடத்துகிறது. தப்பான சிங்க் போனால் கிடை ஓட்டத்தை நடத்தும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரும் அதன் டிரான்ஸ்பார்மரான எல்.ஓ.டி.யும் சூடேறிப் போய்விடும்.

ஆஸிலேட்டர் கண்டென்சரை மாற்றி 15.625-க்கு இறக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் கூடும்போது ட்யூப் கழுத்தில் உள்ள யோக் காயிலின் கரண்ட்டும் கூடும், ட்யூபுக்குப் போகும் உயர் வோல்ட்டான ஈ.எச்.டி.யும் கூடவே ஏறும். உள் சப்ளை வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைக்காமல் செய்தால் செட் நிற்காது. ஹெர்குலிஸ் கார்டு உள்ள ஒரு எக்ஸ்.டி. வகைப் பழைய பி.சி. கிடைக்கும்வரை அதைத் துணி போட்டு மூடி வையுங்க. 80 எழுத்து வரிக்கு அதைவிட அழகான திரை கிடையாது.

காவேரிப்பட்டணம்_ராஸ்டர்:

ஓசூர் அண்ணா, அளந்ததில் சேஸிஸ் சரி. ஜாக்கில் 75 ஓம் இல்லை, வைத்துவிட்டேன். மணல் போய்விட்டது, பி.பி.சி.யின் திரை மோட்களில் மோட் 7 பளிச்சென்று இருக்கிறது. இரண்டு சந்தேகம். மற்ற மோட்களில் கலர் எழுத்துப் போட்டால் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளிகள் ஓடுகின்றன. மோட் 3-ல் 80 எழுத்து சுத்தமாகப் படிக்க முடியவில்லை. நெளிவும் அப்படியேதான் இருக்கிறது.

ஓசூர்_சால்டர்:

எறும்பு என்பது கலர் சிக்னல், 4.43 மெகாஹெர்ட்ஸ். பி.பி.சி. போர்டில் எஸ்39 என்ற லிங்க்கை (இரண்டு புள்ளியைச் சேர்க்கும் சிறு இணைப்பு) யாரோ இணைத்திருக்கிறார்கள். அதைத் திறந்துவிட்டால் பி.என்.சி.யில் வெறும் கருப்பு வெள்ளை மட்டும் வரும், நிறங்கள் சாம்பல் படிகளாகத் தெரியும். போர்டைத் தொட மனமில்லை என்றால், கேபிளின் நடுக் கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஹென்றி காயிலும் கண்டென்சரும் தொடராக வையுங்க. 100 பிகோ நிலையானது, அதோடு பேரலலாக 10–60 பிகோ ட்ரிம்மர். மொத்தம் 129 பிகோ பக்கம் வரும்போது எறும்பு மறையும். லிங்க்கைத் திறப்பதே மேல், ஒரு அலைவரிசையை மட்டும் விழுங்கும் இந்த ட்ராப் எழுத்தின் நுணுக்கத்தையும் கொஞ்சம் தின்றுவிடும்.

80 எழுத்துக்கு வழியில்லை. மோட் 3 வரிக்கு 640 புள்ளி, புள்ளி வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தாலே 8 மெகாஹெர்ட்ஸ் தேவை. டிவிக்குள் இருக்கும் வீடியோ பகுதி 5.5-ல் ஒலிக்கான ட்ராப்போடு முடிந்துவிடும். 40 எழுத்து மோட்களில் இருங்க. கலர் ட்யூபில் இருக்கும் ஓட்டைத் தகடு இதில் இல்லாததால், அந்த 40 எழுத்தும் பெரிய கலர் டிவியைவிடத் தெளிவாகத் தெரியும்.

அதியமான்கோட்டை_12வி:

நெளிவைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். டிவியை 12 வோல்ட் 7 ஏ.எச். யூ.பி.எஸ். பேட்டரியில் ஓட்டுங்க. பின்னின் நடு பிளஸா மைனஸா என்று டிவியின் பின்னால் உள்ள படத்தைப் பார்த்து, 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று தொடரில் போட்டுக் கொடுங்க.

பேட்டரியில் நெளிவு நின்றுவிட்டால் கோளாறு பவர் பகுதியில். மெயின் ஃபில்டர் கண்டென்சர், பெரும்பாலும் 2200 மைக்ரோ 25 வோல்ட், காய்ந்திருக்கும். 105 டிகிரி வகையில் புதிது போடுங்க. பேட்டரியிலும் நெளிந்தால் பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. நம் பக்கம் லோ வோல்டேஜுக்காக டிவி மேசையிலேயே ஸ்டெபிலைசரை வைப்பது வழக்கமாயிற்றே, அதன் காந்தப்புலம் போதும். ஒரு மீட்டர் தள்ளி வையுங்க. படமும் 50, மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால்தான் நெளிவு மெதுவாக ஊர்கிறது. 60 ஹெர்ட்ஸ் தரும் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தால் படம் நொடிக்குப் பத்து முறை நடுங்கும்.

மேல் வரிக்கு: கம்ப்யூட்டரில் நட்சத்திரக் குறி போட்டு டிவி 255 (*TV 255) என்று அடித்து, பிறகு மோட் 7 கொடுங்க. படம் ஒரு வரி கீழே இறங்கும். மோட் மாற்றினால்தான் பலிக்கும். இப்போது கீழ் வரி வெட்டுப்பட்டால், டிவிக்குள் படத்தின் உயரத்தை மாற்றும் வெர்டிகல் சைஸ் ப்ரீசெட் திருகைக் கொஞ்சம் குறைக்கவேண்டும். டிவிக்கு எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் திரையை அதில் பார்த்துக்கொண்டு, பின்னாலிருந்து பிளாஸ்டிக் குச்சியால் திருப்புங்க. ஒரு கையை முதுகுப்பக்கம் வைத்துக்கொள்ளுங்க, சின்ன ட்யூப் என்றாலும் அனோட் கேப்பில் (ட்யூபின் மேல் உயர் வோல்ட் வயர் சேரும் ரப்பர் மூடி) சில ஆயிரம் வோல்ட் நிற்கும்.

கடைசியாக, அந்த பி.பி.சி. பவர் சப்ளையைத் திறந்து மெயின்ஸ் ஃபில்டர் கண்டென்சர்களைப் பாருங்க. மஞ்சள் தேன் நிற உறையில் முடி மாதிரி விரிசல் தெரிந்தால், இனி ஆன் செய்யாமல் 0.1 மைக்ரோ, 0.01 மைக்ரோ இரண்டையும் மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ்2 வகையில் மாற்றிவிடுங்க. விரிசல் வழியே ஈரம் ஏறி, ஒருநாள் வெடித்து அறை முழுக்கப் புகையாகும்.