நுண்கட்டத்தில் எலக்ட்ரான் அடர்த்தி: மெமரி தாங்கவில்லை

நண்பர்களே, சென்னை கிண்டியில் ஆய்வு மாணவன். ரூட்டைல் டைட்டானியம் டை ஆக்சைடு, 72 அணு சூப்பர்செல் (படிக அலகுகள் பல சேர்ந்த பெட்டி), வாஸ்ப் 6 (எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் மென்பொருள்). பேடர் மின்னூட்டம் வேண்டும், அதாவது அடர்த்தியைப் பிரித்து ஒவ்வோர் அணுவுக்கும் சேரும் மின்னூட்டம்.

ஏஇசிகார்0 (உள்ளக எலக்ட்ரான் அடர்த்திக் கோப்பு), ஏஇசிகார்2 (வெளிக்கூட்டு எலக்ட்ரான் அடர்த்திக் கோப்பு) இரண்டையும் கூட்டினால் மொத்தம் 912 எலக்ட்ரான் வர வேண்டும், வரவில்லை. டைட்டானியத்தின் உள்ளக அடர்த்தி அணுக்கரு அருகே ஊசிமுனை மாதிரி ஏறுகிறது, கட்டப்புள்ளிகளுக்கு நடுவில் நழுவிவிடுகிறது.

பிரெக் அக்யூரேட் (துல்லியத்தைக் கூட்டும் அமைப்பு) போட்டாயிற்று. என்ஜிஎக்ஸ்எஃப் முதலான மூன்றையும் (மூன்று திசைகளிலும் நுண்கட்டப் புள்ளிகளின் எண்ணிக்கை) இரட்டிப்பாக்கினேன், 912-ஐ நெருங்கியது, ஆனால் போதவில்லை. மும்மடங்காக்கினால் புள்ளிகள் 27 மடங்கு. எங்கள் 64 ஜிபி நோடில், அடர்த்திக் கோப்பு எழுதும்போது வேலை செத்துவிடுகிறது. கோர்களைக் குறைத்தும் அதே கதி. போன வாரத்திலிருந்து இப்படித்தான். (க்யூவில் காத்திருப்பது தனிக் கொடுமை.)

எஸ்சிஎஃப்-ஐப் (அடர்த்தி நிலைப்படும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் கணக்கு) பழைய கட்டத்திலேயே முடித்துவிட்டு, வேவ்காரிலிருந்து (அலைச்சார்புகள் உள்ள கோப்பு) அடர்த்தியை மட்டும் நுண்கட்டத்தில் குறைந்த மெமரியில் எழுத வழி உண்டா?