கிளையன்ட் "நேரா எனக்கே செஞ்சு குடு" என்றால்? (கோலாலம்பூர்)

தம்பி, கம்பெனியின் கிளையன்ட் கம்பெனியை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வேலை கேட்கிறார், ஒப்பந்தம் அதைத் தடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் நீங்கள் எந்தப் பாஸில் (வேலை அனுமதியில்) இருக்கிறீர்கள்? எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்றால் அது உங்களை எடுத்த கம்பெனிக்கு மட்டும்தான். வெளியாளிடம் காசு வாங்கி வேலை செய்தால் இமிக்ரேஷன் விவகாரம் ஆகிவிடும். சொந்தப் பெயரில் எஸ்எஸ்எம்-மில் (மலேசியாவில் வியாபாரங்களைப் பதியும் ஆணையம்) சின்னதாக ஒரு வியாபாரம் பதியலாம் என்று யாராவது சொல்வார்கள். தனியாள் வியாபாரப் பதிவு குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) உள்ளவர்களுக்கும்தான்.

எனக்குச் சிவப்பு ஐசி (பிஆர் அடையாள அட்டை) வந்தபிறகு ஒரு டிசைன் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வேலை செய்தேன். அவர்களுடைய கிளையன்ட், பிரிக்ஃபீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. ஒருநாள் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "கம்பெனிக்கு எதுக்குய்யா குடுக்கணும்? பாதிய உனக்குத் தர்றேன், தீபாவளி பேனரை நீயே போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் அதே அண்ணாச்சி கம்பெனியில் விலை பேசும்போது, "உங்க பையன் பாதிக்குச் செய்றானே!" என்று என் பில்லையே எடுத்துக் காட்டியிருக்கிறார். கம்பெனி எனக்குத் தர வேண்டிய இரண்டு மாதப் பணத்தை நிறுத்திவைத்தது. அதில் பாதிதான் கைக்கு வந்தது. சண்டை போட எனக்கு முகமில்லை.

இனி ஒப்பந்தம். 'விலகிய பின் இரண்டு வருடம் எங்கள் கிளையன்டைத் தொடக்கூடாது' என்ற வரியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டம், 28-வது பிரிவின்படி தொழில் செய்வதைத் தடுக்கும் நிபந்தனை, சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது. நம் இந்தியாவின் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவும் இதையேதான் சொல்கிறது. சிங்கப்பூர் நண்பர்கள் வேறு மாதிரி சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே நியாயமான அளவுக்குள் இருந்தால் கோர்ட் ஏற்கும்.

ஆனால் இது விலகிய பிறகுதான். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது கிளையன்டைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்தால் அது உங்களைக் கட்டும். விலகும்போது கிளையன்ட் பட்டியலையோ விலை விவரத்தையோ பென்டிரைவில் எடுத்துப் போனாலும் 28-வது பிரிவு காப்பாற்றாது. ரகசியம் காக்கும் கடமை தனி. 'கான்ட்ராக்டர்' என்று தாளில் எழுதியிருந்தாலும் நேரமும் இடமும் அவர்களே சொல்லி வேலை வாங்கினால் சட்டம் உங்களைத் தொழிலாளியாகப் பார்க்கலாம். 2023-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு.

சரி, உங்கள் கிளையன்டிடம் என்ன சொல்வது? "அண்ணே, கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" போதும். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். உங்கள் வேலை அனுமதி இடம் கொடுத்தால் கம்பெனியிடம் நிஜமாகவே கேளுங்கள், பதிலை இமெயிலில் வாங்குங்கள். இப்போது நான் கான்ட்ராக்டில் இருக்கும் இடத்தில், அவர்களுக்குக் கட்டுப்படியாகாத சின்ன வேலைகளை எனக்கே தள்ளிவிடுகிறார்கள், கமிஷன் பிடித்துக்கொண்டு. போன வாரம் வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை.