அந்தச் செய்தியை உங்களிடம் யார் கொண்டுவந்தார்கள்?

வெள்ளவத்தை, ஆறாம் மாடி

போன மாதம் ஒரு மாலை, ஏழு மணி இருக்கும். மொட்டைமாடியில் காயப்போட்ட உடுப்பை எடுக்கப் போன அம்மா வெறுங்கையோடு இறங்கி ஓடி வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: "வானத்திலை வரிசையா ஏதோ வருது பிள்ளை. கரண்டை நிப்பாட்டு."

நான் மேலே போய்ப் பார்த்தேன். கடல் பக்கமிருந்து ஒளிப்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நூலில் கோத்தது போல, ஒரு சத்தமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஸ்டார்லிங்க் இணையச் செய்மதிகள் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஆனால் என் பின்னாலேயே ஏறி வந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

கொழும்பில் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2007 ஏப்ரலில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்த இரவு, ஊரே தொலைக்காட்சி முன்னால் இருந்தபோது புலிகளின் சிறு விமானங்கள் வந்தன, கரண்ட் போனது. வானத்தை நோக்கிச் சுட்ட வெடிகள் சிவப்புப் பொட்டுகளாக ஏறின. 2009 பெப்ரவரி 20 இரவும் அதேதான். இரண்டு இரவும் அம்மா இதே வெள்ளவத்தையில் இருந்தார். வானத்தில் வெளிச்சம் என்றால் அவருக்கு முதலில் வருவது அந்த நினைவு.

கீழே கூட்டி வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னேன். எங்களுக்குச் சூரியன் கடலுக்குள் போய்விட்டது, ஆனால் அவ்வளவு உயரத்தில் இருப்பவற்றில் இன்னும் வெயில் படுகிறது, அதனால்தான் மின்னுகின்றன. ஒரே ரொக்கெட்டில் கட்டாக அனுப்புவதால் முதல் சில நாட்கள் ஒட்டி வரிசையாகப் போகும். பிறகு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். எந்த நாள், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு எங்கள் தலைக்கு மேலால் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம் என்றும் சொன்னேன்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப ஏன் ஒருத்தரும் முதலே சொல்லேல்லை?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குள் எங்கள் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் மூன்று குரல் பதிவுகள் வந்துவிட்டன. ஒன்றில் ஏவுகணை என்றார்கள், இன்னொன்றில் யன்னலைப் பூட்டச் சொன்னார்கள். நிமிடக் கணக்கில் தெரிந்த செய்தி எங்களிடம் வரவில்லை, யாருக்கும் தெரியாத செய்தி இருபது நிமிடத்தில் வந்தது. அதனால்தான் கேட்கிறேன். வெள்ளம், சுனாமி, வானத்திலிருந்து விழுவது, எதுவாகவும் இருக்கட்டும். அந்தச் செய்தியை உங்களிடம் யார், எந்த மொழியில், எப்போது கொண்டுவந்தார்கள்? உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். பிறர் அனுப்பியதை இங்கே ஒட்ட வேண்டாம்.

வெல்லம்பிட்டி

நான் கேட்க நினைத்ததை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். 2016 மே மாதம். சனிக்கிழமையிலிருந்து விடாத மழை. எங்களுக்குக் கீழ்த்தள வாடகை வீடு, வாசற்படி வீதியைவிட ஒரு சாண்தான் உயரம்.

போனுக்கு ஒரு செய்தி வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், புறக்கோட்டையில் கடையில் நிற்கிறவளுக்குப் பேச வராமல் முடியாது. ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எட்டு வயது மகன் ஆங்கிலத்தை வாசித்துச் சொன்னான். நாகலகம் வீதியில், களனி ஆற்றை அளக்கிற மானியில், தண்ணீர் இத்தனை அடி என்று இருந்தது. நாகலகம் வீதியில் இத்தனை அடி என்றால் என் வாசலில் எவ்வளவு? அது அந்தச் செய்தியில் இல்லை.

பிறகுதான் விளங்கிக்கொண்டேன். களனியின் தண்ணீர் கொழும்பு மழையால் மட்டும் ஏறுவதில்லை. மேலே கித்துல்கல, தெரணியகல பக்கம் பெய்கிற மழை ஹங்வெல்ல தாண்டி எங்களிடம் வந்து சேர நேரம் எடுக்கும். அது வந்து சேரும்போது இங்கே வெயில்கூட எறிக்கலாம். அன்று பின்னேரம் எங்கள் பக்கம் மழை குறைந்திருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

தண்ணீர் வாசலால் வரவில்லை. குசினி மூலையில் கழுவுகிற தண்ணீர் வெளியே போகும் ஓட்டை இருக்கிறதே, அதற்குள்ளிருந்து குமிழி விட்டு மேலே வந்தது. கறுப்புத் தண்ணீர். துணியை உருட்டி அடைத்தேன், துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பக்கத்து வீட்டு மீன் விற்கிற ஐயா கதவைத் தட்டினார். 1989 வெள்ளத்தை அதே ஒழுங்கையில் கண்டவர். "அத ரே கெதர இன்ன எபா, துவே." இன்று இரவு வீட்டில் இருக்க வேண்டாம், மகளே. அவ்வளவுதான் சொன்னார். ஏன், எத்தனை அடி என்று நான் கேட்கவில்லை. மகனையும் பிறப்புச் சான்றிதழ் பையையும் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் மேல்மாடிக்குப் போனோம். விடியும்போது எங்கள் யன்னலின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. தையல் மெஷினும் மகனின் கொப்பிகளும் போய்விட்டன. உயிரோடு இருக்கிறோம்.

அதற்குப் பிறகு சுவரில் வண்ணப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாகலகம் வீதி மானி அரை அடி ஏறினால் எங்கள் ஒழுங்கை முனையில் எவ்வளவு என்று ஒவ்வொரு மழைக்கும் குறித்துக் குறித்து நானே கணக்குப் பிடித்தேன். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது அந்தக் கோடுதான் கைகொடுத்தது. அப்போதும் இங்கே மழை விட்ட பிறகுதான் ஆறு ஏறியது. நாங்கள் அதற்கு முதலே வெளிக்கிட்டுவிட்டோம். இந்த முறை மற்ற வீடுகளைத் தட்டியது நான். ஐயா இப்போது இல்லை.

கொட்டாஞ்சேனை

என்னுடையது சின்னது. 2015 தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், நவம்பர் 13. விண்வெளியிலிருந்து ஏதோ இலங்கையில் விழப்போகிறது என்று ஒரே பரபரப்பு. எங்கள் மாமி காலையிலேயே கடவுள் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை.

உண்மை என்னவென்றால் அது ஒன்றிரண்டு மீட்டர் அளவான பழைய ரொக்கெட் துண்டு போன்ற ஒரு பொருள். அமெரிக்காவில் அரிசோனாவிலிருந்து வானத்தைக் கண்காணிப்பவர்கள் ஒக்டோபர் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள். விஞ்ஞானிகள் அது எங்கள் நேரம் காலை 11.48க்குத் தென்கரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கு மேல் எரியும் என்று கணித்திருந்தார்கள். அப்படியே நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கணிப்பு அவ்வளவு துல்லியமாக இருந்தும், "கொழும்பில் விழாது, பயப்பட வேண்டாம் மாமி" என்று தமிழில் ஒரு வரி சொல்ல அன்று எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

பம்பலப்பிட்டி

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. புத்தாண்டுக்கு இரண்டு நாள். இரண்டு மணி தாண்டிச் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். எங்கள் கட்டிடம் கடற்கரை வீதியை ஒட்டினாற்போல் இருக்கிறது. கட்டில் ஆடியதை நானே உணர்ந்தேன். போன் எடுத்தால் யாருக்கும் போகவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தால் அப்படித்தான் ஆகும். குறுஞ்செய்தி வந்து சேர்ந்தபோது நாங்கள் ஏற்கெனவே மேலே இருந்தோம்.

எங்களை மேலே ஏற்றியவர் காவலாளி. காலிப் பக்கத்துக்காரர், பெரலியவில் 2004 சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவர். சின்ன ரேடியோ ஒன்று எப்போதும் அவர் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கும். லிஃப்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல். "கடல். மேல. வாங்க." முதல் மாடியில் நடக்க முடியாத ஆச்சி ஒருவர் இருந்தார். கதிரையோடு நான்கு பேர் தூக்கி ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோனோம். ஆச்சி வழியெல்லாம் "என்னை விடுங்கோ, பிள்ளையளைப் பாருங்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளிக்கு அது விளங்கவில்லை, விளங்கியிருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

கடல் ஒன்றும் செய்யவில்லை. மாலைக்குள் எச்சரிக்கையை நீக்கினார்கள். கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் வழுக்கியதால் தண்ணீரைத் தூக்கி எறியவில்லை என்று பிறகு படித்தேன். 2004இல் கடலடி மேலெழும்பியது, அதுதான் வித்தியாசம். "சும்மா அலைக்கழித்துவிட்டார்கள்" என்று மறுநாள் கடையில் சிலர் கோபமாகக் கதைத்தார்கள். எனக்கு அந்தக் கோபம் கொஞ்சமும் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். எங்கள் நேரம் காலை ஏழுக்குச் சற்று முன் நிலம் அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் கதவைத் தட்ட யாரும் இருக்கவில்லை. அதை நினைத்தால், நூறு தடவை சும்மா படியேறவும் நான் தயார்.

தெகிவளை, டியூஷன் ஆசிரியர்

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். 2019 ஜூனில் எங்கள் நாட்டின் முதல் செய்மதி என்று ராவணா-1 சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட வாரம், வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள். "சேர், பஸ்ஸுக்குக் கதவு பூட்டாமல் ஓடுறாங்கள். எங்களுக்கு ஏன் சேர் செய்மதி?" வகுப்பு முழுவதும் கைதட்டியது.

நான் கோபப்படவில்லை. அவளுடைய அண்ணன் 155 பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து விழுந்து காலை முறித்தவன் என்று எனக்குத் தெரியும். ராவணா-1 ஒரு கிலோவைச் சற்றே தாண்டும், தேயிலை டின் அளவு. ஜப்பானில் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் எங்கள் பொறியியலாளர்கள் இருவர் கட்டியது. அது எங்களைக் காப்பாற்றப் போவதில்லை, கட்டிப் பழகுவதற்கான முதல் படி என்று உள்ளதைச் சொன்னேன். பிறகு போனில் ஜப்பானின் ஹிமாவாரி வானிலைச் செய்மதியின் படத்தைத் திறந்து வங்காள விரிகுடா மேகத்தைக் காட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு படம். அது நிற்கிற இடம் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம். அந்த உயரத்தில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதையும் தொடர்புபடுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இங்கேதான் வாழ்ந்தார். அவருடைய உடல் பொரளை கனத்தை மயானத்தில் இருக்கிறது, நீங்கள் பஸ்ஸில் தாண்டிப் போகிற மதில் அது என்றேன். வகுப்பு அமைதியானது.

அந்தப் பிள்ளை மட்டும் விடவில்லை. "அப்ப மேகம் தெரியுது. எங்கட வீட்டுக்கு ஆர் சொல்லுறது?" வெல்லம்பிட்டி அக்கா எழுதியதை வாசித்தபோது அந்தக் குரல்தான் கேட்டது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் ஒவ்வொரு வகுப்பும் தொடங்க முன்னர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைத் தமிழில் கரும்பலகையில் எழுதுகிறேன். களனிக் கரைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்

வானத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் தண்டவாளத்தைப் பற்றி எழுதுகிறேன். காதில் இயர்போனோடு கடலோரத் தண்டவாளத்தில் நடக்கிற இளம் பிள்ளைகளைத் தினமும் காண்கிறேன். ஜூன் மாதக் கடல் இரைச்சலில் ரயில் சத்தம் நல்ல காதுக்கே கேட்காது. போன வருடம் ஒரு பொடியன், பதினாறு பதினேழு வயது. பாறையில் நின்று தூண்டில் போட்டவர் விசிலடித்தார், கத்தினார். கேட்கவில்லை. தூண்டிலை எறிந்துவிட்டு ஓடிப் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தார். இருவரும் சரளைக் கல்லில் விழுந்தார்கள், ரயில் போனது. எழும்பிய பொடியனின் காதில் பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

வெள்ளவத்தை, ஆறாம் மாடி

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காவலாளி கதையில் அழுதார்.

எங்கள் தொடர்மாடியில் 28 வீடுகள். இந்தச் சனிக்கிழமை அம்மாவும் நானும் படியேறி இறங்கி, யார் தனியாக இருக்கிறார், யாருக்குக் காது மந்தம், யாருக்கு எந்த மொழி என்று ஒரு கொப்பியில் எழுதினோம். மூன்றாம் மாடியில் ஒரு சிங்கள அம்மாவுக்குத் தமிழ்ச் செய்திகள் வந்து குவிகின்றனவாம், ஒன்றும் விளங்குவதில்லையாம். அவருக்கு நான் சொல்வதாக ஏற்பாடு. லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் ஆறாம், ஐந்தாம் மாடிக் கதவுகளைத் தட்டுவது தன் பொறுப்பு என்று அம்மா எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.

நேற்று சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் பக்கம் போகும் நேரத்தைப் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் மதியமே போட்டேன். மாலையில் அம்மா எனக்கு முன்னரே மேலே போய்விட்டார். கீழ் மாடிப் பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தென்மேற்கே கையை நீட்டி, "இன்னும் ரெண்டு நிமிசம், அங்காலை பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.