இரட்டை ஹெட்லைட்: லோவில் வலது விளக்கு மங்கல், நீல விளக்கும் சேர்ந்து எரிகிறது, உதவுங்கள்

மலைப்பாதை350

வணக்கம் நண்பர்களே. வண்டி 2014 ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. போன மாதம் ஒற்றை ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டு வட்டமான இரட்டை ஹெட்லைட் செட் ஒன்று மாட்டினேன். இரண்டிலும் எச்4 பல்பு, 60/55 வாட். மாட்டித் தந்த ஒர்க்‌ஷாப்பில் லோவுக்கு (கீழே அடிக்கும் வெளிச்சம்) இடது விளக்கு மட்டும், ஹை (தூரம் அடிப்பது) போட்டால் இரண்டும் என்று இணைத்துக் கொடுத்தார்கள். கேட்டால் "பெரிய வண்டியெல்லாம் இப்படித்தான் வரும்" என்றார்கள்.

வாரம் ஒரு தடவை இரவில் தேனியிலிருந்து குமுளி போகிறேன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது எதிரில் வண்டி வந்துகொண்டே இருக்கும், ஹை போட மனசு வராது, ஒற்றை லோவில் வளைவு சரியாகத் தெரிவதில்லை. அதனால் நானே இடது லோ வயரிலிருந்து ஒரு ஜம்பர் (இணைப்பு வயர்) எடுத்து வலது பல்பின் லோ பின்னில் கொடுத்தேன். இப்போது நிலைமை இது: லோ போட்டால் இடது நன்றாக எரிகிறது, வலது மெழுகுவர்த்தி மாதிரி மஞ்சளாக எரிகிறது, மீட்டரில் ஹை பீமுக்கான நீல விளக்கும் மங்கலாக எரிகிறது. ஹை போட்டாலும் வலது அதே மங்கல்தான். பல்பை மாற்றிப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. பேட்டரி பலவீனமா?

சக்கரம்

எதற்கு இவ்வளவு சிரமம் ப்ரோ, இரண்டு எல்இடி பல்பு வாங்கிச் சொருகுங்கள், கரண்டும் குறைவு, வெள்ளை வெளிச்சம், வேலை முடிந்தது.

டெஸ்ட் லேம்ப்

பேட்டரி பலவீனமாக இருந்தால் இடதும் சேர்ந்து மங்க வேண்டுமே தம்பி. நீங்கள் சொன்ன எல்லா அறிகுறிக்கும் காரணம் ஒன்றுதான். வலது பல்புக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, இல்லை.

எச்4 பல்பில் இழை இரண்டு, பின் மூன்று. லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த். அந்த எர்த் விட்டுப்போனால் லோ வயரில் வரும் கரண்டுக்கு இறங்க இடம் இல்லை. அது அதே பல்பின் ஹை இழைக்குள் புகுந்து, இரண்டு விளக்குக்கும் பொதுவாக ஓடும் ஹை வயரைப் பிடித்து, இடது பல்பின் ஹை இழை வழியாகச் சுற்றிப் போய் எர்த் ஆகிறது. மூன்று இழை வரிசையாக நின்று 12 வோல்டைப் பங்கு போட்டுக்கொண்டால் எது பளிச்சென்று எரியும்? நீல விளக்கும் அதே ஹை வயரில்தான் தொங்குகிறது, அதற்கும் கொஞ்சம் கசிகிறது. ஹை போடும்போது இதே சுற்று தலைகீழாக நடக்கும், அதனால்தான் அப்போதும் மங்கல். லோவைப் போட்டுவிட்டு வலது பல்பைக் கூர்ந்து பாருங்கள், இரண்டு இழையும் சேர்ந்து மங்கலாக எரிவது தெரியும்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு நீள வயர் எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறு முனையை வலது கனெக்டரின் எர்த் பின்னில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் நான் சொன்னதுதான். எச்4 கனெக்டரில் படுத்திருக்கும் பின் லோ, நின்றிருக்கும் இரண்டில் ஒன்று ஹை, ஒன்று எர்த். நிறத்தை நம்பாதீர்கள், செட்டுக்கு செட் மாறும்.

ஒரு கேள்வி. நீங்கள் ஜம்பர் போடுவதற்கு முன் ஹையில் வலது நன்றாக எரிந்ததா? எர்த் வயரில் கை வைத்தீர்களா?

மலைப்பாதை350

அண்ணே, முன்பு ஹையில் இரண்டும் நன்றாகத்தான் எரிந்தன. எர்த் விஷயம் முதலில் எழுத மறந்துவிட்டேன். வலது எர்த் வயரை ஒர்க்‌ஷாப்காரர்கள் பின்னால் ஃபிரேமில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள், பார்க்க அசிங்கமாகத் தொங்கியது. ஜம்பர் போடும்போது அதைக் கொஞ்சம் வெட்டி, ரிங் வைத்து ஹெட்லைட் பிராக்கெட் போல்ட்டிலேயே மாட்டிவிட்டேன். அதுவும் இரும்புதானே?

டெஸ்ட் லேம்ப்

செட்டோடு வந்த கறுப்பு பிராக்கெட்தானே? அது பவுடர் கோட்டிங். அந்தப் பூச்சு கரண்டை விடாது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ரிங் பூச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சுரண்டி மாட்டினாலும் மலையில் இரண்டு மழை நனைந்தால் துரு பிடித்துப் பழைய கதை திரும்பும். இரண்டு விளக்கின் எர்த்தையும் ஒன்றாகச் சேர்த்து, நல்ல தடிமனான ஒரே வயரில் நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள்.

சக்கரம் சொன்ன எல்இடி பற்றி: எச்4 பல்பில் லோ இழைக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அதுதான். ரிஃப்ளெக்டரின் வளைவும் அந்த இழை இருக்கும் இடத்துக்கென்றே செய்தது. சந்தையில் கிடைக்கும் எல்இடிகள் பலவற்றில் சிப் அந்த இடத்தில் உட்காருவதில்லை, எதிரில் வருபவர் கண்ணில்தான் அடிக்கும். மலைப்பாதையில் எதிரே வருகிறவன் கண் கூசினால் அவன் நம்மேல்தான் ஏறுவான்.

மலைப்பாதை350

அண்ணே, கும்பிடுகிறேன். வயரைத் தொட்டதுமே பளிச்! நீல விளக்கும் அணைந்துவிட்டது. சுரண்டிப் பார்த்தேன், பிராக்கெட்டில் உண்மையிலேயே தடித்த பூச்சு. தனி எர்த் இழுத்துவிட்டேன்.

ஆனால் இரண்டு லோவும் போட்டு இருபது நிமிடம் ஓட்டியதும் கைப்பிடி ஸ்விட்ச் கைக்குச் சூடாகத் தெரிகிறது. இது சாதாரணமா? இன்னொன்று, ஹை போடும்போது லோவும் அணையாமல் எரிகிற மாதிரி செய்தால் இன்னும் வெளிச்சம் கிடைக்குமே?

டெஸ்ட் லேம்ப்

சாதாரணம் இல்லை, உடனே கவனியுங்கள். 55 வாட் பல்பு ஒன்று 12 வோல்டில் நாலரை ஆம்பியர் சொச்சம் இழுக்கும், இரண்டு என்றால் ஒன்பதைத் தாண்டும். ஒரு பல்புக்கென்று செய்த ஸ்விட்சும் வயரும் இப்போது இரண்டு மடங்கு சுமக்கின்றன. ஒரு நாள் பிளாஸ்டிக் உருகி, மலையில் இரண்டு விளக்கும் ஒன்றாக அணையும். இதைச் சரிசெய்யும் வரை ஜம்பரைக் கழற்றி வையுங்கள்.

ரிலே போடுங்கள், சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டை இணைத்துவிடும் ஸ்விட்ச் அது. நான்கு பின் 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே இரண்டு, லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரி பாசிட்டிவிலிருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலேயிலும் 30 என்று எண் போட்ட பின்னுக்குக் கொடுங்கள். முன்பு இடது பல்புக்குப் போன லோ வயர் இனி பல்புக்குப் போகாது, லோ ரிலேயின் 86க்குப் போகும். 85 எர்த். 87லிருந்து இரண்டு பல்பின் லோ பின்னுக்கும் வயர். ஹைக்கும் இதே மாதிரிதான். இப்போது ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி, பாரம் முழுவதும் புது வயரில். குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த்துக்கு 2.5. வேலையைத் தொடங்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, வயர் எங்கும் இழுக்காமல், உரசாமல் கட்டுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஹையோடு லோவும் சேர்ந்து எரிவது வேண்டாம். ஒரே கண்ணாடிக்குள் 115 வாட் சூடு, பல்பும் தாங்காது, ஹோல்டரும் தாங்காது. பாஸ் அடிக்கும்போது ஒரு நொடி சேர்ந்து எரிவது வேறு.

இரவுப்பயணி

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நானும் என் பழைய 100 சிசி வண்டியில் இதே ரிலே போட்டேன், டர்ர்ர் என்று தேனீ மாதிரி கத்துகிறது, விளக்கு துடிக்கிறது. ரிலே கெட்டுவிட்டதா?

டெஸ்ட் லேம்ப்

ரிலேயில் தப்பில்லை. உங்கள் வண்டியில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடவில்லை, என்ஜினில் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து நேராக வரும் ஏசியில், அதாவது திசை மாறி மாறிப் பாயும் கரண்டில் ஓடுகிறது. என்ஜினை நிறுத்தினால் ஹெட்லைட் எரியாதே, அதுதான் அடையாளம். ஏசியில் சாதாரண ரிலே அப்படித்தான் துடிக்கும். உங்கள் வண்டியில் இந்த வேலையே வேண்டாம், அந்தக் காயில் இரண்டு பல்பைச் சுமக்காது.

மலைப்பாதை350

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து முடித்துவிட்டேன். முதல் தடவை 87ஐயும் 86ஐயும் மாற்றிக் கொடுத்து, எதுவும் எரியாமல் அரை மணி நேரம் முழித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மல்டிமீட்டரில் பார்த்த வோல்ட் கணக்கு: ரிலே இல்லாமல் லோ எரியும்போது பேட்டரியில் 12.9, பல்பு பின்னில் 11.2. ரிலே போட்ட பிறகு பின்னில் 12.6. கண்ணுக்கே நன்றாக வித்தியாசம் தெரிகிறது. என்ஜினை முறுக்கினால் பேட்டரியில் 13.6, ஐடிலில் மட்டும் 12.4க்கு இறங்குகிறது. ஸ்விட்ச் இப்போது ஜில்லென்று இருக்கிறது.

டெஸ்ட் லேம்ப்

1.7 வோல்ட் வழியிலேயே போயிருக்கிறது. ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 30 சதவீதம் வரை இறங்கும், அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். ஐடிலில் 12.4 என்றால் நிற்கும்போது பேட்டரியிலிருந்து போகிறது என்று அர்த்தம். மலையில் பரவாயில்லை, ஊருக்குள் தினமும் டிராஃபிக்கில் நின்றால் பேட்டரி இறங்கும். அப்படியானால் இரண்டிலும் 35/35 வாட் பல்பு போடுங்கள், மொத்தம் 70 வாட்தான், நல்ல வோல்டேஜ் கிடைப்பதால் அதுவே போதும்.

கிளம்புவதற்கு முன் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, நீங்கள் மேலே உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு விளக்காக மூடிப் பாருங்கள். இரண்டின் வெட்டுக்கோடும் (லோ வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் கோடு) ஒரே உயரத்தில், விளக்கின் மையத்தைவிடக் கொஞ்சம் கீழே விழ வேண்டும்.

மலைப்பாதை350

பார்த்தேன் அண்ணே, வலது ஒரு சாண் மேலே அடித்தது, இறக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை குமுளி போய்விட்டு வந்து எழுதுகிறேன்.